குவாண்டம் கணினியில் 0, 1 இரண்டும் சேர்ந்தே இருக்குமாம்; அச்சடித்தால் எது வரும்?

விருதுநகர் வாத்தியார்

அனைவருக்கும் வணக்கம். விருதுநகர் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் எடுக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக அதே கரும்பலகை, அதே இரும எண்கள்.

சென்ற வாரம் பதினொன்றாம் வகுப்பில் பேச்சோடு பேச்சாக, "குவாண்டம் கணினி என்று ஒன்று வந்திருக்கிறது, அதில் ஒரு பிட் ஒரே நேரத்தில் 0 ஆகவும் 1 ஆகவும் இருக்கும்" என்று சொல்லிவைத்தேன். செய்தித்தாளில் படித்ததுதான். கடைசி பெஞ்சு மாணவி ஒருத்தி எழுந்து, "அதை அச்சடித்தால் எது சார் வரும்?" என்றாள். ஏதாவது ஒன்று வரும் என்றேன். "எது வரும் என்று முன்கூட்டியே தெரியுமா?" தெரியாது என்றேன். "அப்படியென்றால் அது கெட்டுப்போன கணினி சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் வீடு வரும்வரை அந்தக் கேள்வி வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்தே வந்தது.

தேடிப் பார்த்தேன். எங்கு போனாலும் பெட்டிக்குள் ஒரு பூனை, அல்லது சுழலும் காசு. இரண்டுமே அவள் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. விடை தற்செயலாக வருமென்றால் அதை வைத்து எப்படிக் கணக்குப் போடுவது?

கூடவே இரண்டு சின்னச் சந்தேகங்கள். தங்க நிறத்தில், தலைகீழாகத் தொங்கவிட்ட தேர் போல ஒரு படம் எல்லாக் கட்டுரையிலும் வருகிறதே, அதுதான் கணினியா? இன்னொன்று, ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் ஆறு வாரக் குவாண்டம் படிப்புக்கு 38,000 ரூபாய் கேட்கிறதாம். சேர்க்கலாமா என்று ஒரு பெற்றோர் என்னிடம் யோசனை கேட்கிறார். அவர் ஆட்டோ ஓட்டுகிறார். தெரியாமல் தலையாட்ட மனம் வரவில்லை.

மின்னல்வேகன்

சார், ரொம்ப எளிது. சாதாரணக் கணினி பூட்டில் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கும். குவாண்டம் கணினி எல்லாச் சாவிகளையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்க்கும். அதனால்தான் அந்த வேகம். ஐந்து வருடம் பொறுங்கள், நம் மடிக்கணினிகள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

குளிர்பெட்டிக்காரி

மின்னல்வேகன் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. கடைசி பெஞ்சு மாணவி "கெட்டுப்போன கணினி" என்று சொன்னது நீங்கள் எழுதிய இந்த விளக்கத்தைத்தான். எல்லாச் சாவியையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்து, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சாவியை எடுத்துக் கொடுத்தால் அதை வைத்து என்ன செய்வது? இந்தத் துறையில் பதினோரு வருடம் ஓட்டிவிட்டேன். சிக்கலை இத்தனை சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

என்னைப் பற்றி ஒரு வரி. அப்பா திருநெல்வேலி டவுனில் குளிர்பெட்டி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். நான் இயந்திரவியல் படித்தேன். இப்போது ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில், குவாண்டம் சில்லுகளைக் குளிர வைக்கும் இயந்திரங்களைப் பராமரிக்கிறேன். "கடல் தாண்டிப் போயும் பிரிட்ஜ் மெக்கானிக்தான்" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், பெருமையாகத்தான்.

அதனால் வாத்தியார் ஐயாவின் தேரிலிருந்தே தொடங்குகிறேன். படத்தில் இருப்பது முக்கால்வாசியும் குளிர்பெட்டி. தங்க முலாம் பூசிய செம்புத் தட்டுகள் அடுக்கடுக்காகத் தொங்கும். மேல் தட்டைவிடக் கீழ்த் தட்டு அதிகக் குளிர். தட்டுகளுக்கு இடையே இறங்கும் மெல்லிய குழாய்களும் கம்பிகளும்தான் அந்த அலங்காரம். கணினி என்று சொல்லத்தக்கது எல்லாவற்றுக்கும் அடியில், ஓர் உலோகக் குப்பிக்குள், விரல் நக அளவில் இருக்கும். வேலை நடக்கும்போது மொத்தத்தையும் உருளை உருளையாக உறைகள் மூடியிருப்பதால், வெளியே ஒரு பெரிய பீப்பாய்தான் தெரியும். படமெடுக்க வருகிறவர்கள் அதைப் பார்த்து முகம் வாடிப்போவார்கள். அவர்களுக்காகவே பழுதான ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறோம்.

அடித்தட்டின் வெப்பநிலை 0.01 கெல்வின் அளவில் இருக்கும் (0 கெல்வின் என்பது ஏறத்தாழ −273 டிகிரி செல்சியஸ்). விண்மீன்களுக்கு இடையிலுள்ள வெற்றுவெளியே 2.7 கெல்வின் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் குளிர் எப்படி வருகிறது என்று கேட்டால், நம் ஊர் மண்பானையைக் காட்டுவேன். பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளேயிருக்கும் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. எங்கள் இயந்திரத்தில் நீருக்குப் பதில் ஹீலியம்-3, ஹீலியம்-4 என்ற இரண்டும் கலந்த திரவம். 0.87 கெல்வினுக்குக் கீழே இந்தக் கலவை எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டு அடுக்காகப் பிரியும். மேலடுக்கிலிருந்து ஹீலியம்-3 கீழடுக்குக்குக் கடக்கும்போது வெப்பத்தை உறிஞ்சும். கடந்ததை எக்கி இழுத்து, மறுபடி மேலே அனுப்பி, சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அறை வெப்பநிலையிலிருந்து அடித்தட்டு இறங்கிச் சேர ஒன்றிரண்டு நாள் ஆகும்.

ஒரு தடவை, ஓர் இணைப்பில் கண்ணுக்குத் தெரியாத கசிவு. உள்ளே புகுந்த துளிக் காற்று, தலைமுடி போன்ற நுண்குழாயில் உறைந்து அடைத்துக்கொண்டது. காற்றே கல்லாகிவிடும் குளிர் அது. மொத்தத்தையும் சூடாக்கி, கசிவைத் தேடி, மறுபடி குளிர வைக்க ஒன்பது நாள் போயிற்று. ஆராய்ச்சி மாணவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அப்பாவிடம் சொன்னபோது, "சோப்பு நுரை போட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டார்.

இவ்வளவு குளிர் எதற்கு? அந்தச் சில்லில் இருப்பது அலுமினியத்தால் ஆன சின்ன மின்சுற்று. அந்தக் குளிரில் அது மீக்கடத்தி, மின்தடையே இல்லை. சுற்றில் மின்னோட்டம் ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடும். நம் வீட்டு ஊஞ்சலை எவ்வளவு வேண்டுமானாலும் உந்தலாம். இந்த ஊஞ்சலோ படிப்படியாக மட்டுமே ஆற்றலை ஏற்கும். அசைவு மிகக் குறைந்த படி 0, அடுத்த படி 1. படிகள் எல்லாம் ஒரே உயரம் என்றால் 0இலிருந்து 1க்கு உந்தும்போது 2, 3 என்று மேலேயும் ஏறிவிடும். அதைத் தடுக்க, சுற்றின் நடுவில் ஓரிரு நானோமீட்டர் தடிமனில் அலுமினிய ஆக்சைடு ஒட்டு ஒன்று வைப்பார்கள். ஜோசப்சன் சந்தி என்று பெயர். அதனால் படிகள் சமமில்லாமல் போகும், முதல் இரண்டை மட்டும் தனியே ஆளலாம். கையில் பிடிக்கும் அளவுள்ள மின்சுற்று ஓர் அணுவைப் போல நடந்துகொள்ளும் என்று 1984-85இல் பெர்க்லியில் செய்து காட்டியதற்காகத்தான் ஜான் கிளார்க், மிஷெல் தெவோரே, ஜான் மார்ட்டினிஸ் மூவருக்கும் 2025இன் இயற்பியல் நோபல் பரிசு.

0இலிருந்து 1க்கு ஏற்ற, ஏறத்தாழ 5 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையைச் சில பத்து நானோவினாடிகள் அனுப்புவோம். வீட்டு வைஃபை பயன்படுத்தும் அதே வட்டாரம்தான். அந்த ஆற்றலை வெப்பநிலையாக மாற்றிப் பார்த்தால் 0.24 கெல்வின் வரும். சில்லின் சூடு அதற்கு மிகக் கீழே இல்லாவிட்டால், நாம் உந்தாமலேயே வெப்பம் உந்திவிடும். 0 எது, 1 எது என்ற கதையே முடிந்தது. எல்லோரும் இந்த வழியில்தான் செய்கிறார்கள் என்றில்லை. இட்டெர்பியம் போன்ற அயனிகளை மின்புலத்தில் நிறுத்தி லேசரால் தொடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் தேர் தேவையில்லை.

இப்போது மாணவியின் கேள்வி. நுண்ணலையைப் பாதி நேரம் மட்டும் அனுப்பினால் என்ன ஆகும்? அங்கேதான் "0 ஆகவும் 1 ஆகவும்" என்ற சொல் பிறக்கிறது. அந்தச் சொல்லை மறந்துவிடுங்கள். கியூபிட்டிடம், அதாவது குவாண்டம் பிட்டாக வேலை செய்யும் இந்தச் சுற்றிடம், இரண்டு எண்கள் இருக்கின்றன, 0க்கு ஒன்று, 1க்கு ஒன்று. வீச்சு என்று பெயர். வீச்சின் வர்க்கம்தான் நிகழ்தகவு. பாதியில் நிறுத்திய கியூபிட்டில் இரண்டு வீச்சும் 0.707, வர்க்கம் பாதிக்குப் பாதி. இதுவரை சுண்டிய காசுக்கும் இதற்கும் வேறுபாடில்லை, மாணவி சொன்னது சரி.

வேறுபாடு அடுத்த அடியில் வருகிறது. நிகழ்தகவுக்குக் கழித்தல் குறி கிடையாது, வீச்சுக்கு உண்டு. ஹடமார்டு என்ற ஒரு செயலை எடுத்துக்கொள்வோம். 0ஐக் கொடுத்தால் (0.707, 0.707) தரும், 1ஐக் கொடுத்தால் (0.707, −0.707) தரும். 0இல் தொடங்கி இதை இரண்டு தடவை செய்யுங்கள், இடையில் எட்டிப் பார்க்காமல், அதாவது அளக்காமல். 0ஐ நோக்கி வரும் இரண்டு பங்கும் 0.5, 0.5, கூட்டினால் 1. 1ஐ நோக்கி வருபவை 0.5, −0.5, கூட்டினால் சுழியம். விடை உறுதியாக 0. காசை இரண்டு தடவை சுண்டினால் கட்டாயம் தலைதான் விழும் என்று யாராவது சொல்ல முடியுமா? இடையில் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டால் மட்டும் பழையபடி பாதிக்குப் பாதி.

ஆக, இந்த இயந்திரத்தின் தொழில், தவறான விடைகளின் வீச்சுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒழியும்படியும், சரியான விடையின் வீச்சுகள் சேரும்படியும் ஏற்பாடு செய்வது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் ஒளியின் குறுக்கீட்டு விளைவில் கருமை வரிகள் வருமே, அதேதான். தற்செயல் கடைசியில்தான் வரும். அதற்குள் சூதாட்டப் பலகையையே சாய்த்து வைத்துவிட வேண்டும்.

கரும்பலகையில் போட ஒரு கணக்கு தருகிறேன். லவ் குரோவர் 1996இல் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தது. டெல்லி ஐஐடியில் படித்தவர். நான்கு பெட்டிகள்: 00, 01, 10, 11. ஒன்றில்தான் பரிசு, 10இல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கியூபிட் போதும். தொடக்கத்தில் நான்குக்கும் வீச்சு ½. இப்போது அளந்தால் நான்கில் ஒரு வாய்ப்பு, குலுக்கல் சீட்டுதான். முதல் வேலை, பரிசுப் பெட்டியின் குறியை மட்டும் மாற்றுவது: ½, ½, −½, ½. இப்போதும் அளந்து பயனில்லை, வர்க்கம் எடுத்தால் கழித்தல் மறைந்துவிடும். இரண்டாம் வேலை, நான்குக்கும் சராசரி எடுத்து, ஒவ்வோர் எண்ணையும் சராசரிக்கு மறுபக்கம் அதே தூரத்தில் கொண்டுபோய் வைப்பது. சராசரி ¼. ½ என்பது சராசரிக்கு மேலே ¼ தூரம்; மறுபக்கம் போனால் 0. −½ என்பது கீழே ¾ தூரம். மறுபக்கம் போனால் 1. கிடைப்பது 0, 0, 1, 0. இப்போது அளந்து பாருங்கள், நூற்றுக்கு நூறு 10 என்றுதான் வரும். பெட்டியைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் விசாரித்திருக்கிறோம்.

பெட்டி நான்கு என்பதால் ஒரே சுற்றில் முடிந்தது. பத்து லட்சம் பெட்டி என்றால் ஏறத்தாழ 785 சுற்று. அங்கே நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஓட்டினால் விடை மறுபடி கைநழுவும், இரு மடங்கு ஓட்டினால் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும். எல்லாச் சாவியையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்க்கும் இயந்திரம் என்றால் ஒரு சுற்றே போதுமே, 785 எதற்கு? மின்னல்வேகன் தம்பி இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

நடைமுறையில் என்ன தடை என்றால், இந்த வீச்சுகளை வெளியுலகம் எட்டிப் பார்க்காமல் வைத்திருப்பதுதான். எட்டிப் பார்க்க மனிதர் வேண்டியதில்லை. ஒரு வெப்ப அதிர்வு, வழிதவறிய ஒரு நுண்ணலை போதும். நல்ல சில்லிலும் நூறு மைக்ரோவினாடி அளவில் எல்லாம் கலைந்துவிடும். ஆயிரம் செயல் செய்தால் ஒன்றோ சிலவோ பிழையாகும். பல கியூபிட்டுகளைச் சேர்த்து ஒரே நம்பகமான கியூபிட்டாக நடத்துவதுதான் மாற்றுவழி. 2024 டிசம்பரில் கூகுள் தன் 105 கியூபிட் வில்லோ சில்லில் காட்டியது இதைத்தான். பிழை திருத்தும் கட்டத்தை 3×3இலிருந்து 5×5, 7×7 என்று பெரிதாக்கியபோது, ஒவ்வொரு தடவையும் பிழை பாதிக்கும் கீழே குறைந்தது. அதற்கு முன்பெல்லாம் கியூபிட் கூடினால் பிழையும் கூடும், நாங்கள் சலித்துப்போயிருந்தோம். எண்ணிக்கையைவிட இந்தச் செய்திதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஆனால் அந்த 7×7 கட்டத்துக்கு நூற்றுச் சொச்சம் கியூபிட் செலவாகி, தேறியது ஒரே ஒரு நல்ல கியூபிட்!

38,000 ரூபாயை அந்த அண்ணன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும். ஐபிஎம் 2016இலேயே தன் குவாண்டம் கணினியை இணையம் வழியே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இப்போதும் மாதத்துக்குச் சில நிமிடங்கள் இலவசம். என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் காசில்லாமல் பார்க்கக் கிடைக்கின்றன. பிள்ளைக்கு இப்போது வேண்டியது அணிகள், கலப்பெண்கள், நிகழ்தகவு ஆகிய மூன்று பாடங்கள். பாடநூல் விலை என்ன என்று ஐயாவுக்கே தெரியும்.

கணக்கப்பிள்ளை

குளிர்பெட்டிக்காரி அம்மாவின் விளக்கம் நன்று. ஒரு சேர்க்கை: வீச்சு கூட்டல், கழித்தல் எண்ணாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, அது கலப்பெண். கடிகார முள் போலச் சுற்றும் திசை ஒன்றும் அதற்கு உண்டு.

பிணைப்பைப் பற்றி அவர் பேசவில்லை. இரண்டு கியூபிட்டுக்குத் தனித்தனியே இரண்டிரண்டு எண் என்று பிரித்து எழுத முடியாத நிலைகள் உண்டு. சேர்த்து நான்கு எண்ணாகத்தான் எழுத வேண்டும். 30 கியூபிட் என்றால் 2இன் அடுக்கு 30, நூறு கோடிக்கு மேல் எண்கள். ஓர் எண்ணுக்கு 16 பைட் போட்டால் 16 ஜிபி. நல்ல மடிக்கணினியின் நினைவகம் நிறைந்துவிடும். பிறகு ஒவ்வொரு கியூபிட்டுக்கும் இரு மடங்கு. 50இல் ஒரு கோடியே அறுபது லட்சம் ஜிபிக்கு மேல். ரிச்சர்டு ஃபெயின்மன் 1981இல் கேட்டது இதைத்தான்: இயற்கையே இப்படி நடந்துகொள்கிறது என்றால், மூலக்கூறுகளைக் கணக்கிட அதே விதிப்படி இயங்கும் கணினியை ஏன் செய்யக் கூடாது? அசல் பயன் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

செய்தித்தாள் கணக்குகளையும் சந்தேகத்துடனே படியுங்கள். 2019இல் கூகுள், தன் 53 கியூபிட் சில்லு 200 வினாடியில் முடித்ததைச் சாதாரண மீக்கணினி முடிக்க 10,000 ஆண்டு ஆகும் என்றது. ஐபிஎம் உடனே, இரண்டரை நாள் போதும் என்று மறுத்தது. போட்ட கணக்கோ, யாருக்கும் தேவைப்படாத ஒரு சோதனைக் கணக்கு.

பூட்டுச்சாவி

சென்னையில் ஒரு வங்கியின் தகவல் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். சாவிப் பேச்சு வந்துவிட்டதால் இரண்டு வார்த்தை. "குவாண்டம் வந்தால் என் கணக்கில் இருக்கும் பணம் போய்விடுமா?" என்று உறவினர் கல்யாணத்தில்கூடக் கேட்கிறார்கள்.

இணையத்தில் இரகசியச் சாவியைப் பரிமாறிக்கொள்ளவும் கையொப்பம் இடவும் நெடுநாளாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ முறை, பெரிய எண்ணை அதன் பகா எண் காரணிகளாக உடைப்பது கடினம் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. 1994இல் பீட்டர் ஷோர் அந்த நம்பிக்கையை அசைத்தார். அவர் வழியை 15ஐ வைத்துப் பாருங்கள். 7இன் அடுக்குகளை 15ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள்: 7, 4, 13, 1, மறுபடி 7, 4, 13, 1. நான்குக்கு ஒரு முறை சுற்றி வருகிறது. நான்கில் பாதி இரண்டு. 7இன் வர்க்கம் 49. ஒன்று கீழே 48, ஒன்று மேலே 50. 48க்கும் 15க்கும் மீப்பெரு பொது வகுத்தி 3. 50க்கும் 15க்கும் 5. முடிந்தது. இந்தச் சுற்று எத்தனைக்கு ஒரு முறை வருகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் ஆர்எஸ்ஏ பயன்படுத்தும் 617 இலக்க எண்ணில் நம்மால் ஆகாத காரியம். குவாண்டம் கணினி அங்கே மட்டும் புகுந்து, தவறான சுழற்சிகளை எல்லாம் குளிர்பெட்டிக்காரி அம்மா சொன்னபடி அடித்து ஒழித்துவிடும். மற்றதெல்லாம் சாதாரணக் கணக்கு.

2001இல் ஏழு கியூபிட்டை வைத்து 15ஐ 3 × 5 என்று உடைத்துக் காட்டினார்கள். 617 இலக்கத்துக்கு என்ன வேண்டும்? 2019இல் வந்த மதிப்பீடு, பிழையுள்ள கியூபிட் இரண்டு கோடி, எட்டு மணி நேரம். கூகுளின் கிரெய்க் கிட்னி 2025இல் அதைப் பத்து லட்சத்துக்கும் குறைவு, ஒரு வாரத்துக்கும் குறைவு என்று இறக்கினார். இயந்திரம் வளராமல், கணக்குப் போடும் வழி மட்டும் திருந்தியதால் குறைந்த குறைவு இது. என் தூக்கத்தைக் கெடுத்தது இந்த இறக்கம்தான்.

இன்று யாரும் உங்கள் கணக்கைக் குவாண்டம் கணினியால் திறக்கப் போவதில்லை. ஓடிபி கேட்டு வரும் தொலைபேசி அழைப்புதான் இன்னும் பெரிய எதிரி. ஆனால் இருபது வருடம் இரகசியமாக இருக்க வேண்டிய ஆவணங்களை இன்றே பிரதியெடுத்து வைத்து, இயந்திரம் வந்தபின் திறக்கலாம் என்று காத்திருப்பவர்கள் இருக்கலாம். அதனால்தான் 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பு, குவாண்டத்துக்கும் அசையாத மூன்று புதிய முறைகளை வெளியிட்டது. சிக்னல் செயலி 2023இலேயே இவ்வகைப் பூட்டுக்கு மாறத் தொடங்கிவிட்டது, ஆப்பிளின் ஐமெசேஜ் 2024இல். இந்தப் புதுப் பூட்டுகள் சாதாரணத் தொலைபேசியிலேயே ஓடும். குவாண்டம் கணினி எதுவும் வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் எந்தெந்த மூலையில் பழைய பூட்டு தொங்குகிறது என்று பட்டியல் எடுக்கவே எட்டு மாதம் ஆகிவிட்டது. 2009இல் எழுதிய ஒரு நிரல் எங்கே ஓடுகிறது என்று கேட்டால், ஓய்வு பெற்றவரின் வீட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

விருதுநகர் வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. ஆட்டோ அண்ணனிடம் சொல்லிவிட்டேன், 38,000 தப்பியது.

நான்கு பெட்டிக் கணக்கைக் கரும்பலகையில் போடாமல் மைதானத்துக்குக் கொண்டுபோனேன். ஒன்று என்றால் எட்டு அடி என்று வைத்துக்கொண்டோம். சுண்ணாம்பால் ஒரு சுழியக் கோடு. நான்கு பேர் கோட்டுக்கு முன்னால் நான்கடியில் வரிசையாக நின்றார்கள். பரிசு வைத்திருந்த பையன் மட்டும் கோட்டுக்குப் பின்னால் நான்கடி போனான். சராசரி இரண்டடி, அங்கே இன்னொரு கோடு போட்டோம். "கோட்டுக்கு அந்தப் பக்கம் அதே தூரம்" என்று விசில் அடித்தேன். மூவரும் சுழியக் கோட்டில் வந்து நின்றார்கள். பையன் ஒருவன் மட்டும் எட்டடியில் போய்த் தனியே நின்றான். பிள்ளைகள் கை தட்டினார்கள். உடற்கல்வி ஆசிரியர் தன் மைதானத்தில் என்ன நடக்கிறது என்று வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கடைசி பெஞ்சு மட்டும் கை தட்டவில்லை. "குறியை மாற்றியது யார் சார்? நீங்கள்தான் அவனைப் பின்னால் போகச் சொன்னீர்கள். உங்களுக்கு விடை முன்னாலேயே தெரியும். தெரிந்தவரிடமே கேட்டுவிட்டால் போயிற்றே, இத்தனை ஓட்டம் எதற்கு?" என்றாள். எனக்கு மறுபடி வாயடைத்துவிட்டது.

குளிர்பெட்டிக்காரி

இந்தப் பெண் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தால் எத்தனை பேர் வேலை போகுமோ தெரியவில்லை.

விடையைத் தெரிந்துவைத்திருப்பது வேறு, விடையைப் பார்த்தால் சரியா என்று சொல்லத் தெரிவது வேறு. தொகையிடலில் விடை கண்டுபிடிக்கத் திணறும் மாணவர்கூட, யாராவது விடையைக் கொடுத்தால் வகையிட்டுச் சரிபார்த்துவிடுவார். சுடோகு கட்டத்துக்கும் அப்படித்தான். வரிசையில் ஓர் எண் இரண்டு முறை வரக் கூடாது என்ற விதியை மட்டும் வைத்துச் சரிபார்க்கும் சுற்று ஒன்றைக் கட்டலாம். கட்டியவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சுற்றைக் குவாண்டம் செயல்களாலேயே கட்டி, எல்லா வீச்சுகளையும் அதன் வழியே அனுப்பினால், விதிகளுக்குப் பொருந்தும் நிரப்பலின் குறி மட்டும் தானாக மாறும். மைதானத்தில் ஐயா செய்த வேலையை அங்கே விதி செய்கிறது.

ஆனால் அவள் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். தொலைபேசிப் பட்டியலில் பெயர் தேட குரோவர் வழி உதவும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். பத்து லட்சம் பெயரை முதலில் இயந்திரத்துக்குள் ஏற்ற வேண்டுமே! ஏற்றுவதற்கே பத்து லட்சம் படி போய்விடும். அந்த நேரத்தில் சாதாரணக் கணினி தேடி முடித்திருக்கும். விடையைச் சிறு விதியால் சரிபார்க்க முடிகிற கணக்குகளுக்கு மட்டும்தான் இந்த வித்தை.

அடுத்த தடவை மைதானத்துக்குப் போனால், பரிசு யாரிடம் என்று நீங்களே அறியாதபடி செய்து பாருங்கள். நான்கு பேர் கையிலும் மூடிய சீட்டு. "உன் எண் மூன்றால் வகுபட்டால் பின்னால் போ" என்ற விதியை மட்டும் சொல்லுங்கள்.

விருதுநகர் வாத்தியார்

செய்தேன். 14, 22, 27, 35 என்று சீட்டு எழுதி, கலைத்துக் கொடுத்தேன். யார் கையில் எது என்று எனக்கே தெரியாது. 27 வைத்திருந்தவள் தானாகவே பின்னால் போனாள், பிறகு எட்டடியில் போய் நின்றாள். அவள்தான் அந்தக் கடைசி பெஞ்சு மாணவி. "இப்போது ஒப்புக்கொள்கிறாயா?" என்றேன். "பத்து லட்சம் பேர் நிற்க மைதானம் போதாதே சார்" என்றாள்.

முதல் பெஞ்சுக்கு வந்துவிடேன் என்று கேட்டும் பார்த்தேன். மின்விசிறி கடைசி பெஞ்சுக்கு மேலேதான் ஓடுகிறதாம்.